டெலஸ்கோப் கேட்ட கேள்வி

1

வின்னிபெக்கில் என் பக்கத்து வீட்டுக்காரி ஹெலன் என் வீட்டுக்காரரைக் கொஞ்ச காலம் சாகடித்து வைத்திருந்தாள். தப்பு அவள் மேல் இல்லை. நான் கனடா வந்த புதிது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஹஸ்பண்ட்?" என்று கேட்டாள். என் இங்கிலீஷ் அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்த இங்கிலீஷ். சென்னை இந்த ஊருக்கு நேர் அடியில் இருக்கிறது, உருண்டைக்கு அந்தப் பக்கம் என்று என் மகள் வசந்தி சொல்லியிருந்தாள். அதனால் என் காலடி மண்ணைக் கை காட்டினேன்.

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கேக் செய்து எடுத்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் ஜனங்கள் எவ்வளவு பாசமாக இருக்கிறார்கள் என்று நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்.

செத்ததாகச் சொல்லப்பட்டவர் அந்த நேரம் தி.நகரில் மெஸ் ரசத்துக்கு உப்பு பற்றாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் மேட்சிங் சென்டர் இருந்தது. ஜாக்கெட் துணிதான், வேறு எதுவும் கிடையாது. சந்தில் எல்லோரும் அவரை முதலாளி என்பார்கள். எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம் என்பதால் எனக்கும் அவர் முதலாளிதான். பேத்தி மித்ரா பிறந்தபோது பிரசவம் பார்க்க நான் மட்டும் கிளம்பி வந்தேன். "கொஞ்ச மாசம் தானே, போயிட்டு வா" என்றார். இப்போது மித்ரா என்னைவிட ஒரு தலை உயரம்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவரால் கடையை விட முடியவில்லை, என்னால் பேத்தியை விட முடியவில்லை. அப்புறம் கடையைத் தம்பி மகனிடம் கொடுத்தாயிற்று. அப்போதும் அவர் வரவில்லை. தினமும் போய்க் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற சேலையெல்லாம் நல்ல சேலையா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாவுக்கு ஒருமுறை போனார். துணி அளந்து அளந்து விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. மிஷின் மறுபடி மறுபடி விரலைக் கேட்டது. கடைசியில் அந்தப் பெண் ஈரத் துணியால் துடைத்து, அழுத்திப் பிடித்து எப்படியோ எடுத்துவிட்டாள். விசாவும் வந்தது. இவர் வீட்டுக்கு வந்து எனக்குப் போன் போட்டு, "செம்பகம், நான் யாருன்னே அந்த மிஷினுக்குத் தெரியல. அங்க வந்து யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். பாஸ்போர்ட்டைப் பீரோவில் என் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்தார். அது அங்கேயே தூங்கியது.

2

இங்கே என் பொழுது எப்படி என்று ஊரில் கேட்பார்கள். காலையில் எழுந்ததும் சாக்ஸ். ஒன்றுக்கு மேல் ஒன்று. எழுபது வயசுக்கு மேல் குனிந்து சாக்ஸ் போடுகிறவளுக்குத் தனியாக யோகா வகுப்பு வேண்டாம். அப்புறம் காபி. அப்புறம் முதலாளிக்கு வீடியோ. எனக்குக் காபி நேரம், அவருக்குப் படுக்கிற நேரம். போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லியும் எனக்குத் தெரிவது சீலிங் ஃபேனும் அவருடைய நெற்றியில் பாதியும்தான். அந்த ஃபேனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அதைச் செய்த கம்பெனிக்குத் தெரியாது.

மித்ரா எங்களோடு சாப்பிட உட்காருவாள், ஆனால் காதில் ரெண்டு வெள்ளைப் பொத்தான் செருகியிருக்கும். தமிழ் புரியும். பேசினால், "தாத்தா எப்போ வரும்?" என்பாள், ஏதோ பஸ் வருகிற மாதிரி. அவளுக்குப் பேச்சு வருவது ஒரே விஷயத்தில். ஆகாசம். எந்த நட்சத்திரம் எங்கே, எது எத்தனை பெரிசு என்று ஆரம்பித்தால் சோறு காய்ந்து போகும். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் உம் கொட்டுவேன். அந்த ஒரு வழியாகத்தான் அவள் வீட்டுக்குள் வருகிறாள், அதையும் அடைக்கலாமா?

எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது என்று வசந்தி கண்டுபிடித்தாள். "அம்மா, ரெண்டு பேருக்கும் சேர்த்து தங்கத்துல ஏதாச்சும் எடுக்கலாம்னு இருக்கேன். என்ன வேணும்?"

நான் மித்ராவைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது.

"தங்கம் வேண்டாம்டி. டெலஸ்கோப் வாங்கு."

மித்ரா காதிலிருந்து ரெண்டு பொத்தானையும் எடுத்தாள்.

"உனக்கு எதுக்கும்மா டெலஸ்கோப்பு?" என்றாள் வசந்தி.

"உங்கப்பா எனக்கு ஒரு நட்சத்திரம் காட்ட வேண்டியது பாக்கி இருக்கு."

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்போம் இல்லையா? எங்களுக்கு முகூர்த்தம் காலை நேரம். சுள்ளென்று வெயில். மேலே ஓலைப் பந்தல். ஐயர், "மாப்பிள்ளை, பொண்ணுக்கு அருந்ததியைக் காட்டுங்கோ" என்றார். இவர் விரலை நீட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஓலையில் ஒரு ஓணான் இருந்தது. "எங்கங்க?" என்றேன். நான் இவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். இவர் காதோரமாக, "எனக்கும் தெரியல. தெரியுதுன்னு சொல்லு, பசிக்குது" என்றார். தெரிகிறது என்று சொன்னேன். நம் ஊரில் எல்லாக் கல்யாணமும் இப்படி ஒரு கூட்டுப் பொய்யில்தானே ஆரம்பிக்கிறது.

ஆனால் என் கணக்கு அருந்ததி மட்டும் இல்லை. தி.நகர் மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்தால் நகைக் கடை லைட்டைத் தவிர எதுவும் தெரியாது. நட்சத்திரம் இருக்கிற இடத்துக்குத்தான் அது வர வேண்டும். அதற்குப் பின்னால் அவர் வர வேண்டும். எலிப் பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்கிற மாதிரி.

3

முதலாளியைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு. தப்பான சரக்கை வாங்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் ஃபேனிடம் சொன்னேன். "வெள்ளையா ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம். பீரங்கி மாதிரி நீளம். படத்துல நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கே ஆர்டர் போட்டுரலாம்னு இருக்கேன்."

ஃபேன் மறைந்து முழு முகம் தெரிந்தது. பார்த்து எத்தனை நாளாயிற்று.

"படத்தைப் பாத்தா? தொட்டுப் பாக்காமலா?"

"இங்க எல்லாம் அப்படித்தாங்க. நல்லா இல்லேன்னா திருப்பி எடுத்துக்குவான்."

"திருப்பி எடுத்துக்கிறவன் கிட்ட எவனாச்சும் நல்ல சரக்கு வாங்குவானா? ஏய், கால் எப்படி இருக்கு? மேல என்னத்த வெச்சாலும் கால் ஆடுச்சுன்னா போச்சு. நம்ம கட்டிங் டேபிள் ஆடுனப்ப எத்தன பிட்டு கோணலாப் போச்சு, மறந்துட்டியா?"

"அப்ப நீங்களே வந்து பாத்து வாங்குங்க."

"நீங்க வாங்க. இங்கயே வாங்குவோம். அடையாறுல ஒரு கடை இருக்காம், நான் விசாரிச்சிருக்கேன்."

விசாரித்திருக்கிறேன் என்கிறாரே, எப்போது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை; வசந்தி முந்தின நாளே சொல்லியிருக்கிறாள். பொறியைச் சரியாகத்தான் வைத்தேன். எலி உள்ளே இருந்தபடி என்னைக் கூப்பிட்டது.

4

டிசம்பர் லீவில் மித்ராவை அழைத்துக்கொண்டு சென்னை போனேன். அடையாறு கடை ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் முழங்காலுக்கு மேல் மாடி என்றாலே நட்சத்திரம்தான். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவன் பேர் ரவி. கடையும் அவனுடையதுதான்.

"இன்னா தாத்தா, யாருக்கு? கொயந்தைக்கா?"

"எனக்குத்தான்" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ரவி தலையைச் சொறிந்தான். "சரி, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்கோ. இன்னா வேணும்?"

மித்ராவுக்குப் படம் எடுக்க வேண்டும். கேமராவை மாட்டினால் தொங்கக் கூடாது, மங்கலாக இருக்கிற நட்சத்திரக் கூட்டத்தையெல்லாம் நிதானமாகப் பிடிக்க வேண்டும். முதலாளிக்குக் கால் ஆடக் கூடாது. எனக்குத் தூக்குகிற கனத்தில் இருக்க வேண்டும், தேடித் தேடிக் கழுத்து வலிக்கக் கூடாது.

"அதுக்குத்தான் பாட்டி கம்ப்யூட்டர்" என்றாள் மித்ரா. "பேர் சொன்னா அதுவே திரும்பும்."

"கூப்பிட்டாத் திரும்பாதது இந்தக் குடும்பத்துல ஒண்ணுதான் இருக்கு" என்றேன். முதலாளி காதில் விழாத மாதிரி ஒரு ஸ்டாண்டின் காலைத் தட்டிப் பார்த்தார்.

ரவி முதலில் வாய் அகலமான ஒன்றைக் காட்டினான். "இது கண்ணாடி வெச்சது. பெருசு. வெளிச்சம் நல்லா வாங்கும். ஆனா ஃப்ளைட்டுல ஏத்தி எறக்கினா உள்ள கண்ணாடி நவுந்துடும். அப்பப்ப சரி பண்ணிக்கினே இருக்கணும்."

"யாரு ஃப்ளைட்ல ஏத்தப் போறா?" என்றார் முதலாளி.

ரவி எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க வெச்சுப் பாக்கப் போறீங்கோ?" என்றான்.

"தி.நகர்" என்றார் அவர்.

"தி.நகர்லயா? அங்க ராத்திரியே வர்றதில்லயே தாத்தா."

இந்தப் பையனுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

அடுத்து லென்ஸ் வைத்தவை. இதில் உள்ளே நகர எதுவும் இல்லை, எடுத்து வைத்தால் பார்க்க வேண்டியதுதான் என்றான். அதிலும் ரெண்டு இருந்தது. ஒன்று என் பீரங்கி. நீளமாக, பளபளவென்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. இன்னொன்று குட்டை. அதன் மேல் ஒரு அலங்காரமும் இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருந்த ஸ்டாண்ட் உரல் மாதிரி கனம்.

முதலாளி ரெண்டையும் பால்கனிக்கு எடுத்து வரச் சொன்னார். எங்கள் கடையில் துணியைச் சேலையோடு சேர்க்கும்போது டியூப் லைட்டை நம்ப மாட்டார், தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடிப்பார். அதே பழக்கம். எதிர்ச் சாரியில் ஒரு வீட்டு மாடியில் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பீரங்கி வழியாக அதைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சட்டையின் ஓரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு" என்றேன். "கரை போட்ட மாதிரி. கரை இல்லாம என்ன சேலை?"

"கரை சேலைக்கு வேணும். நிலாவுக்கு எதுக்குடி?"

ரவி சிரித்தான். "தாத்தா கரெக்டா புட்சிட்டாரு. சாதா லென்ஸ்ல ஊதா தனியா வெளிய வந்துரும். கண்ணுக்குப் பரவால்ல, ஃபோட்டோல அசிங்கமா வுயும். குட்டையா கீது பாருங்கோ, அதுல கண்ணாடி வேற. எல்லாக் கலரையும் ஒரே எடத்துல சேத்துரும்."

முதலாளி குட்டையில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. சட்டை சட்டையாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"அப்ப இதுவும் மேட்சிங் சென்டர்தான்" என்றார்.

அங்கேயே முடிவாகிவிட்டது. ஸ்டாண்டுக்குள் மோட்டார் எதற்கு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். "பூமி சுத்துது தாத்தா. அதுக்கு ஏத்த மாதிரி இதுவும் மெதுவா திரும்பணும், இல்லேன்னா ஃபோட்டோ இழுத்துடும்" என்று மித்ரா விளக்கினாள். பாதி இங்கிலீஷ், பாதி கை. அவள் தாத்தாவோடு அத்தனை நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

"பூமியே சுத்துதாம்" என்றேன். "சில பேருதான் சந்தை விட்டு அசையறதில்ல."

கொசுறு இல்லாமல் இவர் எந்தக் கடையிலிருந்தும் இறங்கியதில்லை. ரவி லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றைக் கொடுத்தான். முதலாளி அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, "ரெண்டாந்தரம். இருக்கட்டும்" என்று பைக்குள் போட்டார். அப்புறம், "நீங்க கீழ போய் இளநி குடிச்சிட்டு இருங்க. அந்த ரிமோட்டை எப்படி அமுக்கணும்னு கேட்டுட்டு வரேன்" என்றார். நானும் மித்ராவும் இறங்கி வந்தோம். இளநீர் தீர்ந்து, வழுக்கையும் தீர்ந்து, இளநீர்க்காரரின் குடும்பக் கதை முழுக்கக் கேட்டு முடித்தேன். அவர் இறங்கவில்லை. ஒரு ரிமோட்டுக்கு இவ்வளவு பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

5

மறுநாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். முதலாளி முன்னாலேயே போய் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார். புதுச் சாமான் ஆயிற்றே, நான் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். முதல் பொட்டைக் குழாயின் முன் கண்ணாடியில் வைக்கப் போனேன். மித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, ப்ளீஸ், அது கண்ணு." சரி, கண்ணில் யாராவது பொட்டு வைப்பார்களா? மூன்று காலிலும் வைத்தேன்.

மேற்கே மெல்லிசாகப் பிறை இருந்தது. மித்ரா அதைப் பார்க்கலாம் என்றாள். நான் விடவில்லை. "முதல்ல என் பாக்கி. அருந்ததியைக் கூப்பிடு."

அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் இங்கிலீஷில் வேறு பேர் உண்டு. மித்ரா ரிமோட்டில் அதைத் தேடி அமுக்கினாள். டெலஸ்கோப் மெள்ள முனகிக்கொண்டே பிறைக்கு முதுகைக் காட்டி வடக்கே திரும்பியது. கொஞ்சம் நிமிர்ந்தது. நின்றது.

"வந்துருச்சு. பாருங்க பாட்டி."

கண்ணை வைத்தேன். மித்ரா திருகைத் திருகினாள். மங்கலாக இருந்தது தெளிந்தது. ஒரு மூக்குத்தி. ஏழு கல் வைத்தது. அதற்குப் பக்கத்தில் மூக்கு.

"அருந்ததி நல்ல வசதியாத்தான் இருக்கா" என்றேன். "வைரம் போட்டிருக்கா."

மித்ரா என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். வடக்கே நகைக் கடை ஒன்றின் பெரிய விளம்பரப் பலகை. அதில் கல்யாணப் பெண் ஒருத்தி, தலை முதல் இடுப்பு வரை தங்கம், சுற்றிலும் லைட். எங்கள் டெலஸ்கோப் ஆகாசத்தில் அவ்வளவு இடம் இருக்க, நேராக அவள் மூக்கில் போய் நின்றிருந்தது.

"சம்திங் ராங்" என்று மித்ரா ரிமோட்டைப் புரட்டினாள். அவள் பிறந்த நாளிலிருந்து பார்த்த வானத்தில் அருந்ததி இல்லாத ராத்திரியே கிடையாது. இங்கேயும் இருக்கும் என்றுதான் அவளும் நினைத்திருக்கிறாள். அமுக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"தாத்தா, ஊர் தப்பா இருக்கு. இதுல வின்னிபெக்னு போட்டிருக்கு."

"அந்த ரவிப் பய வேலையாத்தான் இருக்கும்" என்றேன். "கொசுறு குடுக்கும்போதே நெனச்சேன்."

முதலாளி ரெண்டாந்தரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடையில் மடிக்கிற மாதிரி.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"தெறந்த உடனே அதத்தான் கேட்டுச்சு. எந்த ஊருன்னு. ஊரைச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் சொல்லுமாம். நான் ரவிகிட்ட அருந்ததி எப்பத் தெரியும்னு கேட்டேன். இந்த மாசம் இங்க சாயங்காலத்துல வராதாம், விடியக் கருக்கல்ல எந்திரிச்சாத்தானாம். அப்ப வின்னிபெக்ல எப்படின்னு கேட்டேன். அங்க அது மறையறதே இல்லையாம். வருஷம் பூரா, பொழுது சாஞ்சா இருக்குமாம்." துணியைச் சட்டைப் பையில் வைத்தார். "சரி, போற ஊரையே போட்டு வெப்போம்னு போட்டேன்."

கீழே உஸ்மான் ரோட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"நீ எப்பக் கேட்ட?"

"நானா கேக்கல? இத்தன வருஷமா..."

"இத்தன வருஷமா என் ஸ்டூலைக் கேலி பண்ணுன. ஃபேனைக் கேலி பண்ணுன. பனியில நின்னா நான் ஐஸ்பெட்டி வெண்டைக்கா மாதிரி ஆயிருவேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லிச் சிரிச்ச. வசந்தி கேட்டா. மாப்பிள்ளை கேட்டாரு. விசா ஆபீசுல கேட்டாங்க. நீ ஒரு நாளு, வாங்கன்னு கேட்டியா?" அவர் குரலில் கோபம் இல்லை, துணியில் ஓட்டை இருக்கிறது என்று மொத்த வியாபாரியிடம் சொல்கிற குரல். "மிஷினு நேராக் கேட்டுச்சு. நேராச் சொன்னேன்."

மித்ரா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பலகையில் இருந்த கல்யாணப் பெண்ணும் பார்த்தாள்.

நான் யோசித்தேன். கேட்கத்தான் இல்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பேத்தியை வைத்தும் பீரங்கியை வைத்தும் இத்தனை சுற்று.

"வாங்க" என்றேன்.

"வரேன்" என்றார்.

அப்புறம் மித்ரா ஊரைச் சென்னை என்று மாற்றி, அருந்ததியைக் கூப்பிட்டாள். இன்னும் உதிக்கவில்லை என்று ரிமோட் மரியாதையாகச் சொல்லிவிட்டது. பிறையைப் பார்த்தோம். ஓரத்தில் கரை இல்லை. அவ்வளவு சுத்தம்.

6

இப்போது வின்னிபெக்கில் ஃபேன் பார்க்காமல் காபி குடிக்கிறேன். முதலாளி எதிரில் உட்கார்ந்து, ரசத்துக்கு உப்பு பற்றாது என்கிறார். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துத்தான் வந்தார். சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அவர் எதையும் முடிவு பண்ண மாட்டார். திரும்புகிற தேதியை ஒருமுறை தள்ளிப் போட்டாயிற்று. அடுத்த முறை நான் சுற்றி வளைக்க மாட்டேன், நேராகக் கேட்பேன்.

ஹெலன் வேலிக்கு அந்தப் பக்கம் இவரைப் பார்த்தபோது கையில் இருந்த பனி அள்ளுகிற மண்வாரியைக் கீழே போட்டுவிட்டாள். வசந்திதான் போய் விஷயத்தை விளக்கினாள். ஹெலன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. இந்த முறை கேக் இவருக்கு.

கொஞ்ச நாள் முன்னால் கொல்லைப்புறத்தில் டெலஸ்கோப்பை வைத்தோம். இங்கே குளிர்காலத்தில் இருட்டு சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிடும். முதலாளியின் மேல் மாப்பிள்ளையுடைய கோட்டு, அதன் மேல் என் சால்வை, தலையில் மித்ராவின் பள்ளிக்கூடத் தொப்பி. கண் மட்டும் வெளியே தெரிந்தது. ரிமோட் ஊர் பேரைக் கேட்டது. கையுறையோடு அவரே அமுக்கினார்.

மித்ரா முதலில் படம் எடுத்தாள். இப்போது அது எங்கள் கல்யாண ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். கறுப்புப் பட்டில் கல் பதித்த மாதிரி. பெரிசாக ஒன்று, அது வசிஷ்டர். தள்ளி ஒன்று, அது அருந்ததி. ஆனால் வசிஷ்டரை ஒட்டிக்கொண்டு, அருந்ததியைவிடக் கிட்டத்தில், சின்னதாக இன்னொன்று நின்றது.

"ஏங்க, இவ யாரு? வசிஷ்டருக்குப் பக்கத்துல?"

"வசிஷ்டரே ரெண்டு ஸ்டார், பாட்டி" என்றாள் மித்ரா.

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றேன்.

முதலாளி தொப்பிக்குள்ளிருந்து இருமினார். அப்புறம் என் தோளுக்கு மேலே குனிந்து, டெலஸ்கோப் காட்டுகிற திசையில் வெறும் விரலை நீட்டினார். கையுறையைக் கழற்றியிருந்தார். பந்தலில் நீட்டிய அதே விரல். ரேகைதான் இல்லை.

"அந்தா. கொஞ்சம் தள்ளி. இப்பத் தெரியுதா?"

சூரியன் மாதிரி தெரிந்தது. இத்தனை தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை.

"தெரியலையே" என்றேன். "இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து காட்டுங்க."